இடுப்பளவு நாற்பது

"அளவெடுக்கத் தெரியலன்னா டேப்பைக் கீழே வச்சிடுங்க மாஸ்டர்."

ஆபீஸ் மேனேஜர் போட்ட சத்தத்தில் தையல் மெஷின் நின்றது. புது பேன்ட் மூன்றும் டெய்லரின் மேஜையில் வந்து விழுந்தன. மூச்சை இழுத்துப் பிடித்தாலும் ஒன்றிலாவது பட்டன் மாட்டினால்தானே.

"வயசாச்சு சார், கண்ணு மங்குது," என்று தலையைச் சொறிந்தார் டெய்லர். "வச்சிட்டுப் போங்க. அடுத்த வாரம் பிரிச்சுத் தச்சு வைக்கிறேன்."

அடுத்த வாரம் போனால் மெஷின் ரிப்பேர். அதற்கடுத்த வாரம் ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர். ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் பிரிக்காமலே நீட்டினார்.

மேனேஜருக்கு வந்ததே ரோஷம். "இந்த ஆள்கிட்ட இனி யாரும் துணி கொடுக்காதீங்க," என்று ஆபீஸ் பூராவும் சொல்லி வைத்தார். "இவர் பிரிச்சாத்தானா? நான் இளைச்சு இதே பேன்ட்டைப் போட்டுக் காட்டறேன் பாரு," என்று மனைவியிடம் சபதம் வேறு.

அவள் வாயைத் திறக்கவில்லை. எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று பயம். 'கெட்ட கொழுப்பு எகிறிக் கிடக்கு, இப்படியே போனா இதயத்துல அடைப்பு வரும்' என்று டாக்டர் எச்சரித்து ஆறு மாதம் ஆகிறது. இவளும் அழுது பார்த்துவிட்டாள். மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டெய்லரிடம் அளவு கொடுக்கும்போதுகூட, டாக்டர் சொன்னதைக் கேலியாகச் சொல்லிக்கொண்டே வறுவலைக் கொறித்தவர் ஆயிற்றே.

அன்றோடு வறுவல் போயிற்று, வெண்ணெய் போயிற்று. தட்டு நிறையக் காயும் பழமும் வந்தன. காலையும் மாலையும் நடை. நான்காம் மாதம் பட்டன் அலுங்காமல் மாட்டியது. டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்து, "கொழுப்பு நல்லா இறங்கியிருக்கே. இதை விட்டுடாதீங்க," என்றார்.

மேனேஜர் நேராகப் போய் நின்றது டெய்லர் கடையில்.

"பார்த்தீங்களா? நீங்க பிரிக்காமலே போட்டுட்டேன். இந்தத் தடவையாவது ஒழுங்கா அளவெடுங்க."

டெய்லர் சிரித்துக்கொண்டே அளவு நோட்டைப் புரட்டினார். மேனேஜர் எட்டிப் பார்த்தார். போன தடவை எழுதிய பக்கம். இடுப்பு நாற்பது என்று சரியாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே சிவப்பு மையில், 'முப்பத்தேழில் தைக்கவும்'.

"மாஸ்டர், வேணும்னேவா செஞ்சீங்க?"

டெய்லர் நோட்டை மூடினார்.

"உங்க தொழிலையே கெடுத்துட்டேனே மாஸ்டர். ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொன்னேனே. ஒரு வார்த்தை திருப்பிப் பேசலையே நீங்க." மேனேஜருக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"அதெல்லாம் விடுங்க சார். எங்க அண்ணனுக்கும் இதே கொழுப்புதான். வருஷா வருஷம் வந்து, இடுப்பைக் கொஞ்சம் பிரிச்சு விடுடாம்பார். நாலு தடவை பிரிச்சு விட்டேன். அஞ்சாவது தடவைக்கு அவர் வரல."

டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"டாக்டர் சொல்லி அவர் கேக்கல சார். நானாவது பிரிக்காம இருந்திருக்கலாம்."