பூங்கா வாசல் பஜ்ஜி

டாக்டர் விரட்டியதால் தணிகாசலம் வாங்கிய புது ஷூ ஜோடியில், இடது ஷூவுக்குக் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி. அவரோ விடிந்ததும் கிளம்புவார், தெருமுனை டீக்கடையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்பார், வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

"இதுக்குப் பேரு வாக்கிங்காண்ணே? அந்த பஜ்ஜி நாசமாப் போக!" என்று பொருமியது இடது.

"இந்த மட்டும் எழுந்து வர்றாரேன்னு சந்தோஷப்படுடா. மூலையில கிடக்குற ஸ்கிப்பிங் கயித்தைப் பாத்தேல்ல?" என்றது வலது.

ஒருநாள் தெருமுனைக் கடை பூட்டிக் கிடந்தது. தணிகாசலம் நின்றுவிட்டார். இடதுக்குத் திக்கென்றது. இப்படியே வீட்டுக்குத் திரும்பினால் நாளைக்கு மனுஷன் எழுந்திருக்கவே மாட்டார். அப்புறம் கயிற்றுக்குப் பக்கத்தில்தான் இடம்.

ஆனால் கால்கள் திரும்பவில்லை. கடைத்தெருவைத் தாண்டி, பாலம் ஏறி இறங்கி, பூங்கா வாசலில் இருந்த இன்னொரு டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவர் பஜ்ஜி கேட்டார்.

"என்னடா, உன் சத்தத்தையே காணோம்?" என்றது வலது.

"சும்மா இருங்கண்ணே, சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றது இடது. "இந்தக் கடை பஜ்ஜி ருசியா இருக்கணும்."