பல்லிக்குக் கண்ணாடி வீடு

தறியில் பாவு ஏற்றுவதற்கே பல்லியின் சம்மதம் கேட்கிறவர் தனசேகரன். மகள் கல்யாணத்தில் விடுவாரா? பெண் பார்க்க வந்த நாலு பேரைத் தெற்குச் சுவர்ப் பல்லியே விரட்டியிருந்தது.

அதே பல்லியைப் பிடித்து, பழைய மீன் தொட்டியில் மணல் கொட்டி, குச்சி நட்டு, பல்பு மாட்டிக் குடிவைத்தாள் ஹேமலதா.

“ஊர்ல நாய் வளக்கறாங்க. நீ பல்லியா?” என்றார் அப்பா.

“நம்ம வீட்டுப் பெரிய மனுஷன் வெறும் சுவத்துல கெடக்கலாமாப்பா?” என்றவள், பஞ்சாங்கம் சுபம் என்று சொன்ன வடக்குச் சுவரோரமாகத் தொட்டியை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போளூரிலிருந்து சுதாகர் வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலி. ஹேமலதாவுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கேசரி தீர்ந்தும் பல்லி மட்டும் வாய் திறக்கவில்லை.

“ச்சு… ச்சு… ச்சு!”

“வடக்கால சொல்லிடுச்சி! தட்ட மாத்திக்கலாம்!” அப்பா துள்ளி எழுந்தார்.

நன்றி சொல்லத் தொட்டியை எட்டிப் பார்த்தாள் ஹேமலதா. மூடி விலகியிருந்தது. பல்லி பழையபடி தெற்குச் சுவரில் தூங்கிக்கொண்டிருந்தது.

சுதாகர் குனிந்து கிசுகிசுத்தான்.

“கத்தினது நான்தாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தத் தொட்டிய மறக்காம எடுத்துக்கினு வந்துடுங்க. எங்க வீட்ல அம்மா பல்லி பாப்பாங்க.”