டாட்டா காட்டு

தென்காசியில் அந்தக் கல்யாண மண்டபத்து வாசலில் கட்டிய வாழை இன்னும் வாடவில்லை. காலையில் முகூர்த்தம் முடிந்த இடத்தில், கல்குவாரி லாரிகளை மறித்த பெண்களைப் போலீஸ் கொண்டுவந்து அடைத்திருக்கிறது. எச்சில் இலை வாடைக்கு நடுவே எலுமிச்சைச் சாதப் பொட்டலங்கள் பிரிகின்றன. மறியலை நடத்திய ஜெயசித்ரா மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஆறு மணிக்கு விட்டுருவோம்லா, போய்ச் சாப்பிடும்மா" என்கிறாள் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரி. பள்ளிக்கூடம் விட்டாயிற்று. மகளைக் கூட்டிவர ஜெயசித்ரா சொல்லிவைத்த பக்கத்து வீட்டு உலகம்மாள், மறியலை வேடிக்கை பார்க்க வந்தவள், ஆவேசம் தாங்காமல் தானும் ரோட்டில் உட்கார்ந்து, இப்போது உள்ளே ஊறுகாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குற்றாலத்துச் சாரல் காற்றோடு வந்து கேட்டின் கம்பிகளை நனைக்கிறது. வெளியே ஒரு பைக் வந்து நிற்கிறது. விட்டுப்போன புருஷன் பேச்சிராஜ். பெட்ரோல் டேங்க் மேல் சீருடையோடு மகள் தன்ஷிகா. பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேஸ் போட்டிருப்பவன், செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறான். "ஏட்டி, அம்மைக்கு டாட்டா காட்டு." பிள்ளை சிரித்துக்கொண்டே கையை ஆட்டுகிறாள். ஜெயசித்ராவின் கை தானாக உயர்கிறது. கம்பிக்குப் பின்னால் அவள், பக்கத்தில் லத்தியோடு போலீஸ்காரி. ஜட்ஜுக்கு இந்த ஒரு படம் போதும். உயர்ந்த கையை வெடுக்கென்று இழுத்து, முந்தானையால் முகத்தை மூடித் திரும்பிக்கொள்கிறாள். "யம்மா... யம்மா..." பிள்ளை கூப்பிடுகிறாள். முதுகுக்குப் பின்னால் பேச்சிராஜின் குரல் கனிவாகக் கேட்கிறது.

"பாத்தியாட்டி, ஒங்கம்மைக்கு நீ வேண்டாமாம்."