வாய் மூடிய பிறகு

"இருபது வருஷம் முன்னாடி ஊத்திக்கிட்ட படம்மா. இப்ப ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் ஹவுஸ்ஃபுல். ஜனங்க படத்தோட சேர்ந்து வசனம் பேசிக் கத்தத்தான் வர்றாங்க," என்றார் தியேட்டர் மேனேஜர்.

"ஒரே ஒரு வசனத்துக்கு மட்டும் அமைதியா இருக்கச் சொல்லுங்களேன்," என்றாள் நாலு வாரமாகத் தனியாக வந்துகொண்டிருந்த அந்த அம்மாள். "ஹீரோ சாகிற இடம்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "கூட்டமே அதுக்குத்தானே வருது! ஹீரோ 'போறேன்'னு வாயை மூடிடுவான். குரல் மட்டும் 'போயிட்டு வர்றேன்'னு நீண்டுட்டே போகும். டப்பிங் பேசினவனுக்கு எழுத்துக் கூட்டியாவது படிக்கத் தெரிய வேண்டாமா?"

"நல்லாப் படிப்பார். என் வீட்டுக்காரர்தான்."

மேனேஜரின் சிரிப்பு நின்றது.

"வெறும் 'போறேன்'னு சொல்லவே கூடாதுன்னு நான்தான் திட்டித் திட்டிப் பழக்கினேன். அதுவே அவர் வாயில வந்துடுச்சு. போன மாசம் தூக்கத்துலயே போயிட்டார். ஒரு வார்த்தை சொல்லலை."

அன்று படம் தொடங்குமுன் மேனேஜர் திரைக்கு முன்னால் போய் நின்று பேசினார்.

அந்தக் காட்சி வந்தது. அரங்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹீரோ வாயை மூடினான்.

"...போயிட்டு வர்றேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

"போயிட்டு வாங்க."