தீவுப் புகையிலை

காய்ச்சலோடு என் முகரும் சக்தியும் போய்விட்டது. எட்டு மாதமாகத் தினமும் காபித்தூள், கற்பூரம், மண்ணெண்ணெய் மூன்றையும் முகர்ந்து, நாட்குறிப்பில் ‘இல்லை’ என்று எழுதிவருகிறேன். இன்று மாலை வகுப்பின் இடைவேளையில் உடன் படிக்கும் அருளப்பன் சுங்கானைப் பற்றவைத்து நீட்டினான். அவன் மாமா வசிக்கும் தீவில் மட்டும், அதுவும் நாலைந்து பாத்தியில், விளைகிற புகையிலையாம். முதல் இழுப்பிலேயே இருமினேன். புகை மூக்கு வழியாக வெளியேறியபோது, அடிபிடித்த வெல்லப்பாகின் வாசனை மெல்ல எழுந்தது.

“வருதுடா!”

“நெசமாவா?”

எனக்கே சந்தேகம். ஆசையில் நானே கற்பனை செய்திருக்கலாம். கைக்குட்டையால் கண்களை இறுக்கிக் கட்டினேன். “பொகையிலப் பொட்டலத்த ஒரு கையில வச்சு மூடிக்க. ரெண்டு கையையும் நீட்டு.”

“சொல்லுங்க தொரை, எந்தக் கை?”

வலது கையில் லேசான வாசனை. இடது கையிலும் அதே அளவு. இது போதாது. தலையை நிமிர்த்தி மறுபடி முகர்ந்தேன். வெல்லப்பாகு வேறெங்கோ கனமாக இருந்தது. அதைத் தொடர்ந்து முன்னால் சாய்ந்தேன். என் மூக்கு அவன் சட்டைப்பையில் போய் இடித்தது. உள்ளே காகிதம் சரசரத்தது.

“ரெண்டுலயும் இல்ல, திருட்டுப்பயலே. இங்க இருக்கு!”

அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“டேய், கட்ட அவுக்காத” என்றான். “வேற ஏதாச்சும் கொண்டாரேன்.”

படிகளில் அவன் ஓடுவது கேட்டது.