ஒன்பதாம் வகுப்பு மாணவி

பி.எட். கல்லூரியில் பயிற்சி வகுப்பு. எழிலரசி அறிவியல் ஆசிரியை; உடன் படிப்பவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். பாடம் சுவாசம். பாதியில், முதல் பெஞ்சிலிருந்த டெய்சிக்கு நிஜமாகவே மூச்சு இரைத்தது. சுவரோரம் கிடந்த பையில் அவளுடைய இன்ஹேலர் இருப்பது அறைத்தோழி எழிலரசிக்குத் தெரியும். பின்வரிசையில் பேராசிரியர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் டெய்சியோட விலா எலும்பைப் பாருங்க. எப்படி ஏறி இறங்குது?” என்றாள் எழிலரசி.

டெய்சி பையை நோக்கிக் கையை நீட்டினாள்.

“பதில் தெரிஞ்சா எழுந்து நின்னு சொல்லணும்.”

டெய்சி எழுந்தாள். மேசையைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள். வகுப்பு கைதட்டியது.

“நல்லா ஒத்திகை பாத்திருக்கீங்கம்மா,” என்றார் பேராசிரியர். “அடுத்து யாரு பாடம் எடுக்கிறது?”

எழிலரசி கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள்.

“டெய்சி, சார்.”