வீடு பார்க்க வந்த இருவர்

டென்மார்க்கின் கோல்டிங் நகருக்குப் பக்கத்துச் சிற்றூரில் வாடகை வீடு ஒன்றைப் பார்க்க ஜெனுஷா வந்தபோது, றொஜிதன் ஏற்கெனவே உள்ளே நின்றான்.

"நான்தான் முதல் வந்தனான். நீர் வேற இடம் பாரும்," என்றான்.

"ஏன் பாக்கவேணும்? என்ர பிள்ளை இந்த ஊரிலதான் படிக்கிறாள்."

"என்ர பிள்ளையும் இங்கதான் படிக்கிறாள்!"

"கத்தாதேங்கோ. உங்கட முகத்தைப் பாக்கவே எரியுது."

வீட்டுக்காரி கீர்ஸ்டனுக்குத் தமிழ் விளங்கவில்லை, சண்டை விளங்கியது. டேனிஷில் சமாதானம் பேசினாள்.

"ஒரே நாட்டவர்தானே நீங்கள்? மேல்மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் மற்றவருக்கு. ஒரே வீட்டில் இருந்துதான் பாருங்களேன்."

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஜெனுஷாதான் டேனிஷில் விளக்கினாள்.

"இருந்து பார்த்துவிட்டோம். போன மாதம்தான் எங்களுக்கு விவாகரத்துக் கிடைத்தது."